ஒரே நேரத்தில் கிட்டாரும் பேஸும்: ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு ஒரு வீட்டுச் சண்டையில் தொடங்குகிறது. ஈப்போ புந்தோங்காக இருக்கட்டும், சுங்கை சிப்புட், செம்மோர் பக்கத்துத் தாமானாக இருக்கட்டும், பிள்ளை இசை கற்கும் வீடுகளில் இந்தச் சண்டை எப்போதாவது வந்தே தீரும்.

மகன் எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்திருக்கிறான். ஒரு வருடமாகக் கிட்டார் வாசிக்கிறான். திடீரென்று ஒரு நாள், "அப்பா, பேஸ் கிட்டாரும் சேர்த்துக் கத்துக்கலாம்னு இருக்கேன்" என்கிறான்.

"கையில இருக்கிற ஒண்ணையே இன்னும் ஒழுங்கா வாசிக்கல. அதுக்குள்ள ரெண்டாவதா? ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலுன்னு ஆயிடும்டா!" என்கிறார் அப்பா.

"ரெண்டும் கிட்டாருதானே, அப்புறம் எதுக்கு ரெண்டு?" என்று கேட்கிறார் அடுப்படியிலிருந்து அம்மா.

மூன்று பேர் பேசியதிலும் நியாயம் இருக்கிறது. அப்பாவின் பயம் நியாயமானது. மகனின் ஆசை தவறில்லை. ஆனால் மூன்றிலும் ஆழமான கேள்வி அம்மா கேட்டதுதான். இரண்டும் ஒன்றா, வேறு வேறா? அதற்கு விடை தெரிந்தால் சண்டை தானாகத் தீர்ந்துவிடும்.

ஒரே குடும்பம், இரண்டு வேலை

கிட்டாருக்கு ஆறு தந்தி. பேஸ் கிட்டாருக்குப் பொதுவாக நான்கு தந்தி. கிட்டாரின் தடித்த நான்கு தந்திகள் எந்தச் சுரங்களில் கட்டப்படுகின்றனவோ, அதே சுரங்களில்தான் பேஸின் நான்கு தந்திகளும் கட்டப்படுகின்றன. ஈ, ஏ, டி, ஜி. வித்தியாசம் என்னவென்றால் பேஸ் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். கிட்டாரின் தடித்த தந்தி விநாடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது என்றால், பேஸின் தடித்த தந்தி அதில் பாதி, அதாவது சுமார் 41 முறை அதிர்கிறது.

ஆகவே கிட்டாரில் எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று தெரிந்தவனுக்குப் பேஸில் வழி கேட்க வேண்டியதில்லை. தெரு அதே தெரு, வீட்டு எண்ணும் அதே எண். அந்த வகையில் அம்மா சொன்னது சரி.

ஆனால் கைக்கு அது வேறு கருவி. வீணையில் மெட்டு என்கிறோமே, அதைக் கிட்டாரில் ஃபிரெட் என்பார்கள். முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காம் ஃபிரெட் வரை உள்ள தூரம் வழக்கமான கிட்டாரில் 10 செண்டிமீட்டருக்கும் குறைவு. முழு நீளப் பேஸிலோ அதே தூரம் சுமார் 13 செண்டிமீட்டர். தந்தியின் தடிமனிலும் பெரிய வேறுபாடு உண்டு. எலெக்ட்ரிக் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி எவ்வளவு தடிமனோ, கிட்டத்தட்ட அவ்வளவு தடிமனில்தான் பேஸின் மிக மெல்லிய தந்தி இருக்கிறது! விரல் வலிக்காமல் என்ன செய்யும்?

கையை விட முக்கியம், வேலை. கிட்டார்க்காரர் மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒரே மீட்டலில் ஒலிக்க வைப்பார். அதற்குக் கார்ட் என்று பெயர். பாட்டின் நடுவே தனி வாசிப்பும் அவருக்கு உண்டு. கைத்தட்டலும் உண்டு. பேஸ்காரர் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிப்பார். ஆனால் அந்த ஒரு சுரம் டிரம்ஸின் அடியோடு சேர்ந்து விழ வேண்டும், பாடகர் நிற்பதற்குத் தரையாகவும் இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதும் அவர் பொறுப்பு. பேஸ் நன்றாக இருக்கும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை. அது நின்றுவிட்டால் மட்டும், "என்னமோ குறையுதே!" என்று எல்லாரும் சொல்வார்கள்.

மிருதங்கம் சொல்லும் பதில்

இது வெளிநாட்டுக் கருவிகளின் கதை, நமக்கு என்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். மிருதங்கத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் வலந்தலை, மறு பக்கம் தொப்பி. வலந்தலையில் கூர்மையான சொற்கள், தொப்பியில் கனமான நாதம். தொப்பிக்கு ஒருவர், வலந்தலைக்கு ஒருவர் என்று யாராவது ஆள் வைத்தது உண்டா? மாணவன் முதல் நாளிலிருந்தே இரண்டு கையையும் சேர்த்துத்தான் பழகுகிறான். தோட்டத்துக் கோயில்களில் ஒலிக்கும் உறுமிக்கும் இரண்டு முகம்தான். ஒரு முகத்தில் குச்சியைத் தேய்த்து உறும வைக்க வேண்டும், மறு முகத்தில் அடிக்க வேண்டும். இரண்டையும் செய்வது ஒரே ஆள்.

இன்னொன்றும் உண்டு. நாதஸ்வரக் கச்சேரியில் ஓரமாக ஒருவர் ஒத்து ஊதிக்கொண்டிருப்பார். ஒரே சுரம், விடாமல். நாதஸ்வரம் கற்க வந்த பிள்ளைகளை ஒத்து ஊதவும் தாளம் போடவும் உட்கார வைப்பது பழைய குருகுல வழக்கம். அது தண்டனையன்று. மேலே ஒருவர் ராகத்தில் பறக்கும்போது கீழே ஆதாரத்தை விடாமல் பிடித்திருப்பது எப்படி என்று காதுக்குக் கற்றுத் தந்த பாடம் அது.

மேலே வாசிக்கப் போகிறவனுக்குக் கீழே தாங்குவதையும் கற்றுக்கொடு என்பது நம் மரபுக்குப் புதிதில்லை. மகன் கேட்டதும் அதைத்தான்.

ஈப்போ பெற்ற பிள்ளை

இதற்கு உதாரணம் தேடி அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ போகத் தேவையில்லை. ஈப்போவிலேயே பிறந்தவர் பால் பொன்னுதுரை. தானாகவே கிட்டார் கற்றவர். பின்னர் சிங்கப்பூரில் குடியேறி, அங்கேயே புகழ் பெற்று, 2012 ஜூலை மாதம் மறைந்தார். அமெரிக்காவின் 'டைம்' வார இதழ் அவரைத் தேடி வந்து எழுதியது.

அவருடைய வாசிப்பைக் கேட்டவர்கள் முதலில் ஏமாந்து போவார்கள். மேடையில் ஒரே ஒருவர், கையில் ஒரே கிட்டார். ஆனால் காதுக்கு இரண்டு மூன்று பேர் வாசிப்பதுபோல் இருக்கும். கட்டைவிரல் கீழ்த் தந்திகளில் பேஸ் நடையை விடாமல் கொண்டுபோகும். மற்ற விரல்கள் கார்டுகளையும் மெட்டையும் சேர்த்துக்கொண்டே போகும். அதற்கு மேல் அவர் பாடவும் செய்வார். குழு இல்லாத குறையே தெரியாது.

இது மந்திரமில்லை. பேஸ்காரர் எப்படி நினைப்பார், கிட்டார்க்காரர் எப்படி நினைப்பார் என்பது இரண்டும் ஒரே தலைக்குள் இருந்ததால் வந்த திறமை. ஈப்போ இளைஞர்கள் அவருடைய பதிவுகளைத் தேடிக் கேட்க வேண்டும். முதல் முறை மெட்டைக் கேளுங்கள். இரண்டாம் முறை கட்டைவிரலை மட்டும் கேளுங்கள்.

இனி உலகம் அறிந்த இருவர். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி முதலில் கிட்டார்தான் வாசித்தார். 1961-இல், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் அவர்கள் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், பேஸ் வாசித்த நண்பர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் குழுவை விட்டு விலகினார். அந்த இடத்துக்குப் போக மற்றவர்களுக்கு விருப்பமில்லை. மெக்கார்ட்னி ஏற்றுக்கொண்டார். விருப்பமில்லாமல் வந்த வேலைதான் அவரை உலகின் தலைசிறந்த பேஸ் கலைஞர்களில் ஒருவராக்கியது. கிட்டாரையும் அவர் விட்டுவிடவில்லை.

மற்றொருவர் அமெரிக்காவின் கேரல் கே. ஜாஸ் கிட்டார் வாசித்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். 1963-இல் ஹாலிவுட்டில் ஒரு பாடல் பதிவுக்குப் பேஸ் கலைஞர் வராமல் போகவே, அந்தக் கருவியை இவர் கையில் கொடுத்தார்கள். அன்று தொடங்கியது. அதன்பின் எண்ணற்ற பாடல் பதிவுகளில் இவருடைய பேஸ் ஒலித்தது. ஆண்கள் நிறைந்திருந்த பதிவுக்கூடங்களில் ஒரு பெண் பெற்ற இடம் அது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்.

தமிழ்த் திரையிசைக்கு வந்தால், இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்து வளர்ந்தவர். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். 1976-இல் 'அன்னக்கிளி' படத்துக்கு இசையமைக்கும் முன்பு மற்ற இசையமைப்பாளர்களிடம் கிட்டார் வாசித்தவர். அவர் பாடல்களில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போவதைக் கவனித்திருப்பீர்கள். வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் மட்டுமல்லாமல், பேஸ் கிட்டாருக்கும் எந்த இடத்தில் என்ன சுரம் என்று அவரே தாளில் எழுதித் தருவார். மேல் வேலையும் கீழ் வேலையும் தெரிந்த ஒருவரால்தான் இரண்டையும் பேச வைக்க முடியும்.

அறிவியல் என்ன சொல்கிறது?

"மேதைகளைச் சொல்லாதீங்க. சாதாரணப் பிள்ளைக்கு என்ன?" என்று அப்பா கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான்.

1979-இல் அமெரிக்காவில் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கையால் செய்யும் மூன்று விதமான அசைவுகளைப் பழக வேண்டும். ஒரு குழு முதலாவதை முழுக்கப் பழகிவிட்டு இரண்டாவதற்குப் போனது. மற்றொரு குழு மூன்றையும் மாற்றி மாற்றிப் பழகியது. பழகும் நேரத்தில் முதல் குழுவே வேகமாக முன்னேறியது. ஆனால் பத்து நாள் கழித்து மீண்டும் செய்யச் சொன்னபோது, மாற்றி மாற்றிப் பழகியவர்களே நன்றாகச் செய்தார்கள். பழகும்போது தடுமாறியவனுக்குத்தான் பாடம் மனத்தில் நின்றது!

அதற்குப் பிறகு பல ஆய்வுகள் இந்தத் துறையில் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இது ஒரே மாதிரி பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. அடிப்படையே தெரியாதவன் முதல் நாளிலேயே மாற்றி மாற்றிப் பழகினால் குழம்பித்தான் போவான். ஆனால் தடுமாற்றம் என்றாலே தோல்வி என்று முடிவு கட்டாதீர்கள் என்பதற்கு இது போதும்.

பேஸைப் பற்றியே ஓர் ஆய்வு உண்டு. 2014-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் உயர்ந்த சுரத்தையும் ஒரு தாழ்ந்த சுரத்தையும் சேர்த்து ஒலிக்க வைத்து, சில வேளைகளில் ஒன்றை மட்டும் விநாடியின் இருபதில் ஒரு பங்கு முன்னதாக ஒலிக்கச் செய்தார்கள். தாழ்ந்த சுரம் தாளம் தப்பியபோதுதான் கேட்பவர்களின் மூளை கூடுதலாக விழித்துக்கொண்டது. தாளத்துக்கு விரல் தட்டியவர்களும் தாழ்ந்த சுரத்தையே அதிகம் பின்பற்றினார்கள். மனிதக் காது காலத்தைக் கீழ்க்குரலிலிருந்துதான் பிடித்துக்கொள்கிறது.

இதனால் தெரிவது என்ன? கிட்டார்க்காரர் கொஞ்சம் தாளம் தப்பினால் மற்றவர்கள் மறைத்துவிடுவார்கள். பேஸ்காரர் தப்பினால் மறைக்க ஆளில்லை. ஆகவே பேஸ் பழகும் பிள்ளையின் தாளம் தானாகவே திருந்துகிறது. அந்தத் திருத்தம் அவன் கிட்டாருக்கும் வந்து சேர்கிறது.

நாலு பேர் இருந்த லயம்

இப்போது பேராக்கின் கதைக்கு வருவோம். இந்தக் கேள்வி ஏன் இந்தத் தலைமுறையில் எழுகிறது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அதன்பின் பேராக்கின் காடுகள் பால்மரக் காடுகளாயின. தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். லயங்கள் எழுந்தன. லயத்துக்கு அருகில் மாரியம்மன் கோயில் எழுந்தது. கோயில் என்றால் திருவிழா, திருவிழா என்றால் மேளம். காலம் போகப்போகத் திரைப்படப் பாடல்களும் கிட்டாரும் தோட்டத்துக்குள் வந்தன. கல்யாண வீட்டிலும் திருவிழா மேடையிலும் இளைஞர்களின் இசைக்குழுக்கள் வாசித்தன.

அந்தக் குழுக்கள் எப்படி உருவாயின? ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. காலையில் மரம் சீவப் போனவர்கள் மாலையில் ஓய்ந்திருப்பார்கள். ஒருவனிடம் கிட்டார், ஒருவனிடம் டிரம்ஸ், ஒருவனுக்குக் குரல். நான்காவதாக வந்தவனிடம், "நீ பேஸ் பிடிடா" என்பார்கள். யாரும் இரண்டைக் கற்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆளுக்கு ஒன்று போதும். மீதியைப் பக்கத்து வீடு பார்த்துக்கொண்டது.

பின்னர் தோட்டத் துண்டாடல் வந்தது. பெரிய தோட்டங்கள் கூறு போட்டு விற்கப்பட்டன. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று, சுங்கை சிப்புட் தந்த தலைவர் துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கி, தொழிலாளர்களின் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழி செய்தார். பல தோட்டங்கள் அப்படிப் பிழைத்தன. ஆனாலும் காலப்போக்கில் பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை வராத இடத்தில் தாமான் வந்தது. லயத்து மக்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிரிந்து போனார்கள்.

வீடு கிடைத்தவர்கள் உண்டு, நல்ல வேலை கிடைத்தவர்கள் உண்டு. அதை மறுக்க வேண்டாம். லயத்து வாழ்க்கையின் கஷ்டத்தை மறந்துவிட்டு அதைப் புகழ்ந்து பாடவும் வேண்டாம். ஆனால் ஒன்று போய்விட்டது. பக்கத்து வீட்டில் டிரம்ஸ்காரன் இல்லை, எதிர் வீட்டில் பேஸ்காரன் இல்லை. தாமான் வீட்டில் ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து கிட்டார் வாசிக்கிறான்.

மேடைகளும் மாறிவிட்டன. செலவைக் குறைக்க, கீபோர்டு வாசிப்பவரின் இடது கையே பேஸையும் வாசித்துவிடும் என்றார்கள். பிறகு, பதிவு செய்த இசையை ஓடவிட்டுப் பாடினால் போதும் என்றார்கள். பல மேடைகளில் முதலில் காலியான நாற்காலி பேஸ்காரருடையதுதான். யாரும் கவனிக்காத வேலை என்பதால், அது போனதையும் யாரும் கவனிக்கவில்லை.

தனியாக இருக்கும் இந்தப் பிள்ளை, "ரெண்டையும் கத்துக்கிறேன்" என்று சொல்வது பேராசையா? பக்கத்து வீடு செய்துகொண்டிருந்த வேலையை அவன் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறான். அப்பாக்கள் இந்தக் கோணத்திலும் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

எப்படிப் பழகுவது?

சரி, வழி என்ன? அனுபவமுள்ள ஆசிரியர்கள் சொல்வதைச் சுருக்கினால் இப்படி வரும்.

முதலாவது, ஒன்று மூத்தது, ஒன்று இளையது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் மூன்று நான்கு மாதங்கள் ஒரே கருவிக்குக் கொடுங்கள். நான்கைந்து கார்டுகளை மாற்றி மாற்றித் தாளம் தப்பாமல் வாசிக்கும் நிலை வந்த பிறகு இரண்டாவதைக் கையில் எடுக்கலாம். அப்பா சொன்ன ஆற்றுக்கும் சேற்றுக்கும் இதுதான் மருந்து.

இரண்டாவது, ஒரே பாட்டை இரண்டிலும் வாசியுங்கள். கிட்டாரில் ஒரு பாட்டு, பேஸில் வேறு பாட்டு என்று பிரித்தால் சுமை இரட்டிப்பாகும். ஒரே பாட்டை எடுத்து, இன்று கார்டுகளை வாசித்துக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். நாளை அந்தப் பதிவை ஓடவிட்டு அதன் கீழே பேஸ் வாசியுங்கள். முதலில் கார்டின் ஆதார சுரம் மட்டும். பிறகு அந்தக் கார்டில் உள்ள மற்ற சுரங்கள். அதற்கும் பிறகுதான் அலங்காரம். நேற்று கிட்டார் வாசித்தவன் எங்கே அவசரப்பட்டான் என்பது இன்று பேஸ் வாசிக்கும்போது பளிச்சென்று தெரியும். அதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

மூன்றாவது, நேரம். வாரத்தில் ஒரே நாள் நான்கு மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் அரை மணி நேரம் நல்லது. அந்த அரை மணியில் இருபது நிமிடம் மூத்த கருவிக்கு, பத்து நிமிடம் இளைய கருவிக்கு. பேஸை முதலில் வாசித்துவிட்டுக் கிட்டாருக்கு வந்தால் தந்தி நூல்போல் தோன்றும், விரல் தேவைக்கு மேல் அழுத்தும். ஆகவே நடுவில் சிறிது ஓய்வு கொடுங்கள்.

நான்காவது, கை. நுனிவிரல் எரிச்சல் எல்லாருக்கும் வரும், சில வாரங்களில் போய்விடும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி வந்தால் அது வேறு. உடனே நிறுத்த வேண்டும். வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சின்னக் கை உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்து நீளம் குறைந்த, 30 அங்குல அளவுப் பேஸ் கிடைக்கிறது. வழக்கமானது 34 அங்குலம். கடையில் பிள்ளையின் கையில் கொடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஐந்தாவது, ஒலிபெருக்கி. கிட்டாருக்கு வாங்கிய சின்ன ஆம்பில் பேஸைச் செருகி உரக்க வைத்தால் ஒலிபெருக்கி கெட்டுவிடக்கூடும். மெதுவாக வைத்துப் பழகலாம். அல்லது பேஸுக்கு என்றே உள்ள சிறிய ஆம்பை, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, வாங்கலாம்.

செலவை நினைத்துக் கவலைப்படும் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. இரண்டாவது கருவியை உடனே வாங்கித்தான் தீர வேண்டும் என்பதில்லை. தொடக்கத்தில் கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளிலேயே பேஸ் நடையைப் பழகலாம். சுரங்கள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. மூன்று மாதம் அப்படிப் பழகியும் பிள்ளையின் ஆசை குறையாவிட்டால், அந்த ஆசை உண்மையானது. அப்போது வாங்குங்கள்.

தேர்வு எழுத நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரினிட்டி, ராக்ஸ்கூல் போன்ற அமைப்புகளில் கிட்டாருக்கும் பேஸுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம். இரண்டுமே எட்டாம் படிநிலை வரை போகும். ஒரே ஆண்டில் இரண்டிலும் தேர்வு எழுதுவது சுமை. ஓர் ஆண்டு ஒன்று, அடுத்த ஆண்டு மற்றொன்று என்று வைத்துக்கொண்டால் பள்ளிப் பாடமும் கெடாது.

நாற்காலி காத்திருக்கிறது

முடிக்கும் முன் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். இரண்டும் தெரிந்துவிட்டது, இனி எனக்கு யாரும் தேவையில்லை என்று அறைக் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். கணினியில் கிட்டாரை ஒரு தடத்திலும் பேஸை மறு தடத்திலும் பதிவு செய்துவிட்டு, குழு அமைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பதிவு உங்களுக்காக வேகத்தைக் குறைக்காது. பாடகர் மூச்சு வாங்கும்போது காத்திருக்காது. மனிதர்கள்தான் காத்திருப்பார்கள்.

கிட்டார் கற்றவனுக்கு முன்னால் நின்று வாசிக்கத் தெரியும். பேஸும் கற்றவனுக்குப் பின்னால் நின்று மற்றவரைத் தாங்கவும் தெரியும். நண்பன் ஒருவன் நன்றாகக் கிட்டார் வாசிக்கிறானா? அவனிடம் கிட்டாரைக் கொடுத்துவிட்டு நீங்கள் பேஸை எடுத்துக்கொள்ளலாம். ஒரு தங்கைக்குப் பாட ஆசை, துணைக்கு ஆளில்லையா? நீங்கள் போய் நிற்கலாம். இரண்டும் தெரிந்தவன் எந்தக் குழுவுக்குப் போனாலும் அங்கே அவனுக்கு ஓர் இடம் இருக்கும். அவனால் இன்னொருவனுக்கும் இடம் கிடைக்கும்.

பேராக் தோட்டங்களில் ஒரு காலத்தில் லயமே குழுவைத் தந்தது. இன்று அந்த லயம் இல்லை. குழுவை இனி இளைஞர்கள்தாம் உண்டாக்க வேண்டும். அடுத்த திருவிழா மேடையில், பதிவு செய்த இசைக்குப் பதிலாக நான்கு பிள்ளைகள் உயிரோடு நின்று வாசித்தால், கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பேஸ் எது, கிட்டார் எது என்று தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை. "இன்னைக்குப் பாட்டு என்னமோ நெஞ்சுக்குள்ள வந்து அடிக்குதே!" என்று ஒரு பாட்டி சொன்னால் போதும்.

ஆகவே அப்பாக்களே, கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். பிள்ளைகளே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதம் ஒன்று, பிறகு இரண்டு, ஒரு வருடத்துக்குள் ஒரு குழு. வீட்டுச் சண்டைக்கு இதுவே நல்ல சமாதானம்.